ஐம்பது பல் சக்கரம்

"டமார்!"

தொடர்ந்து, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலக் கடகடவென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

தையல்காரம்மாவின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றது. ஊசிக்கடியில் ஒரு சட்டைக் காலர் கோணலாக மாட்டிக்கொண்டது. அதைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் கழுத்தில் தொங்கிய அளவு டேப்புடன் வாசலுக்கு ஓடினாள்.

பாதி உடம்பு தெருவிலும் பாதி உடம்பு கேட்டுக்குள்ளுமாக நின்றிருந்தது பழைய கார். உள்ளே ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் கணவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் ஊருக்கெல்லாம் அவர் கண்ணாடிக்காரர்.

"என்னங்க ஆச்சு? அடிபட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. இவளுக்குத்தான்..." என்று டாஷ்போர்டைத் தடவினார்.

"அதானே பார்த்தேன். எனக்கு வாய்ச்ச சக்களத்தியாச்சே! இறங்குங்க முதல்ல!"

அவர் இறங்கவில்லை. சாவியைத் திருகினார். ஸ்டார்ட்டர் சுற்றியது. இன்ஜின் சுற்றியது. ஆனால் எடுக்கவில்லை. எப்போதும் மூச்சு வாங்குவது போல் ஓர் இழுப்பு இருக்கும், அதுவும் இல்லை.

கண்ணாடிக்காரரின் முகம் வெளுத்துப் போனதற்குக் காரணம் இருந்தது. சட்டைப் பையில் ஒரு கடிதம். வாகன அலுவலகத்திலிருந்து வந்தது. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய வண்டிகளெல்லாம் தகுதி ஆய்வுக்கு வர வேண்டும். சொந்த இன்ஜினில் ஓடி வர வேண்டும். கயிறு கட்டி இழுத்து வந்தால் கணக்கில்லை. வரவில்லை என்றால் பதிவு ரத்து. வண்டியை நசுக்க அனுப்பிவிடுவார்கள். அவருக்குக் கொடுத்திருந்த நாள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை.

இன்று புதன். கையில் ஒன்பது நாள்.

அரை மணி நேரத்தில் மெக்கானிக் வந்துவிட்டார். அவருக்குப் 'போல்ட்டு' என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. காரணம் எல்லோருக்கும் தெரியும். எந்த வேலை முடித்தாலும் கையில் ஒரு போல்ட் மிஞ்சும். "இது கம்பெனிக்காரன் அதிகமாப் போட்டதுங்க" என்பார் கூசாமல். ஆனால் முப்பது வருடமாக அவர் கை பட்ட எந்த வண்டியும் நடுவழியில் நின்றதில்லை.

போல்ட்டு ரேடியேட்டரைக் கழற்றினார். விசிறியைக் கழற்றினார். இன்ஜினின் முன்பக்க மூடியைக் கழற்றிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, உச்சுக்கொட்டினார்.

"டைமிங் கியர் சார். பல்லு கொட்டிப்போச்சு."

உள்ளே இரண்டு சக்கரங்கள். கீழே சின்னது, இரும்பு. மேலே பெரியது, பழுப்பு நிறம். சின்னது இரண்டு சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று சுற்றும். அந்தக் கணக்கில்தான் வால்வுகள் திறந்து மூடும். பெரிய சக்கரத்தில் ஓர் ஓரம் முழுக்கப் பொக்கை வாயாக இருந்தது.

"வால்வு மேல பிஸ்டன் இடிக்கல. இந்த இன்ஜின்ல அந்த ஆபத்து கிடையாது. அந்த மட்டும் பிழைச்சோம்" என்றார் போல்ட்டு. "கியர் ஒண்ணு கிடைச்சா வண்டி ஓடும். கிடைக்கலேன்னா ஓடாது."

தையல்காரம்மா எண்ணெயில் கிடந்த ஒரு துண்டுப் பல்லை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். உடைந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இழை தெரிந்தது.

"இது துணி!"

"துணியேதான்க்கா. துணியை அடுக்கி அடுக்கிப் பசை போட்டு அழுத்திச் செஞ்சது. இரும்போட இரும்பு உரசினா சத்தம் வரும்னு ஒண்ணை மட்டும் இப்படிச் செய்வாங்க."

"பார்த்தீங்களா!" என்று கணவர் பக்கம் திரும்பினாள். "உங்க வண்டி ஓடறதே எங்க துணியிலதான். ஒரு நாளாவது மரியாதை கொடுத்திருப்பீங்களா?"

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த வண்டி வெறும் வண்டி இல்லை. சக்களத்தி என்று கேலி செய்தாலும் அவளுக்கும்தான். அவர்கள் மகள் பிறந்தபோது இரண்டு பாதமும் உள்பக்கமாக மடிந்திருந்தன. எழுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு மருத்துவமனை. வாரா வாரம் போய் மாவுக்கட்டு மாற்ற வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் பாதம் பழையபடி திரும்பிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இரண்டு வருடம், ஒரு வாரம் தவறாமல், இந்த வண்டிதான் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. அந்த மகள் இப்போது வேறு ஊரில் நில அளவை அதிகாரி. நாளெல்லாம் நடக்கிற உத்தியோகம்.

"சரி, பல்லை எண்ணுங்க" என்றார் போல்ட்டு.

கண்ணாடிக்காரர் எண்ணினார். நாற்பத்தொன்பது. போல்ட்டு எண்ணினார். ஐம்பத்தொன்று. மறுபடி கண்ணாடிக்காரர் எண்ணினார். ஐம்பது.

"ஊருக்கெல்லாம் கண் பரிசோதனை பண்றவர்!" என்று சொல்லி, தையல்காரம்மா இடுப்பிலிருந்து துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்தாள். ஒரு பல்லில் வெள்ளைக் கோடு போட்டாள். அங்கிருந்து தொடங்கி, உடைந்த பதினொரு பல்லின் அடித்தடத்தையும் சேர்த்து எண்ணி, மறுபடி வெள்ளைக் கோட்டுக்கு வந்தாள். "ஐம்பது. சின்னதை எண்ணுங்க. பாதி இருக்கணும்."

சின்னதில் இருபத்தைந்து. கணக்கு நேரானது.

வேறொரு நகரத்தில் பழைய பாகங்கள் விற்கிறவர் ஒருவர் இருந்தார். கண்ணாடிக்காரர் போன் போட்டார். மறுமுனையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல ஒரு குரல். "வண்டி எந்த வருஷம்?"

"சார், சார்!" போல்ட்டு குறுக்கே கையை ஆட்டினார். "வருஷத்தைச் சொல்லாதீங்க. கழட்டினதை அப்படியே அனுப்பி, அதைப் பார்த்துத் தரச் சொல்லுங்க."

"அனுப்பி, பார்த்து, அவர் திருப்பி அனுப்பறதுக்குள்ள ஆய்வு முடிஞ்சு வண்டியை அப்பளமாக்கியிருப்பான்! வண்டிப் புத்தகம் எதுக்கு இருக்கு?" கண்ணாடிக்காரர் அலமாரியிலிருந்து பதிவுப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தை விரித்து, வருடத்தைக் கல்வெட்டு படிப்பது போலப் படித்தார். "ஐம்பது பல்லு. நடுத்துளை, மூணு போல்ட் துளை. எல்லாம் ஒரிஜினல் வண்டிங்க. ஒரு ஆணிகூட மாறினது கிடையாது."

போல்ட்டு இருமினார். ஏதோ சொல்ல வந்தவர், ரேடியேட்டர் குழாயைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

திங்கட்கிழமை பார்சல் வந்தது. கண்ணாடிக்காரர் அன்று கடையைத் திறக்கவே இல்லை. பெட்டியைப் பிரித்தார்கள். புத்தம் புதிய பழுப்புச் சக்கரம். சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினார்கள், ஐம்பது. அளவு டேப்பால் சுற்றிப் பிடித்தார்கள், நூல் பிசகவில்லை. நடுத்துளை சரி. மூன்று போல்ட் துளையும் சரி.

"அவ்வளவுதான்! பதினஞ்சு நிமிஷ வேலை" என்றார் கண்ணாடிக்காரர்.

போல்ட்டு சக்கரத்தைக் கொண்டுபோய்ச் சின்னச் சக்கரத்தோடு சேர்த்தார். சேரவில்லை. அழுத்தினார். பல்லும் பல்லும் குறுக்கே குறுக்கே முட்டின.

தையல்காரம்மா குனிந்து பார்த்தாள். "பல்லு சாய்ஞ்சிருக்கே. பழசுல ஒரு பக்கம் சாய்வு, புதுசுல எதிர்ப்பக்கம் சாய்வு."

உண்மைதான். இந்தச் சக்கரங்களின் பற்கள் நேராக இல்லை. படுக்கை வசத்தில் சாய்த்து வெட்டியவை. பழையதில் பற்கள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. வந்ததில் இடப்பக்கம்.

"இவ்வளவுதானா? திருப்பிப் போட்டா ஆச்சு!" என்றவளும் அவள்தான். மெஷின் மேல் கிடந்த ஜீன்ஸை இழுத்து வந்தாள். "இதோ பாருங்க, முன்பக்கம் கோடு இந்தப் பக்கம் சாயுது. உள்பக்கத்தைத் திருப்பினா அந்தப் பக்கம். முப்பது வருஷமா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறேன். எனக்குத் தெரியாதா?"

கண்ணாடிக்காரர் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். போல்ட்டு சக்கரத்தைத் திருப்பிக் காட்டினார்.

சாய்வு மாறவில்லை. அதே இடப்பக்கம்.

மறுபடி திருப்பினார். அதேதான்.

"இது என்ன கண்கட்டு வித்தை?" என்று தையல்காரம்மா சக்கரத்தைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு ஒரு கணம் யோசித்து, தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்தாள். கண்ணருகே பிடித்து, முறுக்கைப் பார்த்து, தலைகீழாகத் திருப்பி, மறுபடி பார்த்தாள். முகம் சுருங்கியது. "தப்பு என்னோடதுதாங்க. சக்கரம் துணி மாதிரி இல்ல, நூல் மாதிரி. நூலை எந்த நுனியிலேர்ந்து பார்த்தாலும் முறுக்கு ஒரே பக்கம்தான். இதைப் பத்து தடவை திருப்பினாலும் சேராது."

உப்புத்தாள் குரலுக்கு மறுபடி போன் போனது.

"நீங்க சொன்ன வருஷத்துக்கு அந்தச் சாய்வுதான் சார்" என்றார் அவர். "மூணு வருஷம் கழிச்சுத்தான் கம்பெனி சாய்வை மாத்துச்சு. பல்லு எண்ணிக்கை, துளை, எல்லாம் அப்படியே வச்சுட்டு, சாய்வை மட்டும் மாத்தினான். உங்ககிட்ட இருக்கிறது வலப்பக்கம் சாயுதுன்னா, அது அந்த வருஷத்து இன்ஜினே இல்ல."

"என் வண்டி ஒரிஜினல்!"

"வண்டி ஒரிஜினலா இருக்கலாம். நான் இன்ஜினைச் சொன்னேன்."

"சரி, இந்தப் புதுச் சக்கரத்துக்கு ஜோடியான சின்னச் சக்கரத்தையும் அனுப்புங்க. மாத்திடறோம்."

அதற்குப் போல்ட்டுதான் தலையை ஆட்டினார். "வேணாம் சார். சாய்வு மாறினா உள்ளே இருக்கிற தண்டு எதிர்ப்பக்கமாத் தள்ளும். இந்த இன்ஜின்ல அந்தப் பக்கம் தடுப்பு கிடையாது. ரெண்டு நாள்ல முன்மூடியைத் தேய்ச்சுடும்."

"வலப்பக்கச் சாய்வு இப்ப எங்கிட்ட இல்ல" என்றது போன். "தேடறேன். ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாசம்! கையில் இருப்பது நாலு நாள்.

கண்ணாடிக்காரர் காரின் மிதிபலகையில் உட்கார்ந்துவிட்டார். "வேற இன்ஜினாம்! எனக்குத் தெரியாம என் வண்டியில வேற இன்ஜின் எப்படி வரும்? ராத்திரி நடந்து வந்து ஏறிக்கிச்சா?"

தையல்காரம்மா பதிவுப் புத்தகத்தை எடுத்தாள். முதல் பக்கத்தை அல்ல, ஒவ்வொரு பக்கமாக.

"அக்கா, அது எதுக்கு இப்ப... எண்ணெய்க் கையிலேர்ந்து கறை பட்டுடும், குடுங்க" என்று போல்ட்டு கை நீட்டினார்.

"என் கையில எண்ணெய் இல்ல. உங்க கையிலதான் இருக்கு" என்று அவள் நகர்ந்துகொண்டாள்.

கடைசிப் பக்கத்துக்கு முன்பக்கத்தில் ஒரு நீல முத்திரை. இருபத்துமூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. 'இன்ஜின் மாற்றப்பட்டது. எடுக்கப்பட்ட வாகனம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு வண்டி எண்.

அந்த எண்ணை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். காலேஜுக்கு அவளைக் கொண்டுபோய் விட்ட வண்டி. இதே கம்பெனி, மூன்று வருடம் பிந்திய மாடல். அவள் அண்ணனின் கார்.

"இது எங்கண்ணன் வண்டி நம்பர்" என்றாள்.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார்.

அண்ணனும் கண்ணாடிக்காரரும் பேசி இருபத்துநாலு வருடம் ஆகிறது. சண்டைக்குக் காரணம் ஒரு மூக்குக்கண்ணாடி. புதுக் கண்ணாடியில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று அச்சகம் வைத்திருந்த அண்ணன், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது சொல்லிவிட்டார். "கண்ணாடி சரியாத்தான் இருக்கு, பார்க்கிற ஆள்தான் சரியில்ல" என்று கண்ணாடிக்காரர் பதிலுக்குச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அண்ணன் விடுவிடுவென்று இறங்கிப் போனார். அப்புறம் இரண்டு பேரும் ஒருவர் இருக்கும் திசையில் மற்றவர் தலைவைத்துப் படுக்கவில்லை. தையல்காரம்மா மட்டும் அங்கே போவாள், வருவாள். அங்கே நடந்ததை இங்கே சொல்ல மாட்டாள். இங்கே நடந்ததை அங்கே சொல்ல மாட்டாள். காரை விற்றுவிட்டேன் என்று அண்ணன் சொன்னதை அவளும் நம்பியிருந்தாள்.

இருவரும் போல்ட்டைப் பார்த்தார்கள். போல்ட்டு துடைத்த குழாயையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கினார் சார். வருஷத்தைச் சொல்லாதீங்கன்னு அதனாலதான் சொன்னேன்." துணியைக் கீழே வைத்தார். "அன்னிக்கு உங்க இன்ஜின் தண்ணியில்லாம சூடேறி, பிளாக்கே வெடிச்சுப் போச்சு. ஒட்டவே முடியாது. பாப்பாவுக்கு நாலு நாள்ல கட்டு மாத்தணும். நீங்க என் பட்டறையில உக்காந்து அழுதீங்க. அதை யாரோ போய் அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. மறுநாள் காலைல தன் வண்டியை ஓட்டிட்டு வந்து நிறுத்தினார். 'இன்ஜினைக் கழட்டி அதுல மாட்டு, பழுது பார்த்துட்டேன்னு சொல்லு'ன்னார். 'சொன்னா என்னண்ணே'ன்னு கேட்டேன். 'மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா கழட்டி என் வாசல்ல வச்சுட்டுக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு நடந்தே போயிடுவார்'ன்னார்."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கணுமே!"

"பத்து காகிதம் நீட்டினேன். எதையும் படிக்கல. பத்திலயும் போட்டீங்க."

சக்கரத்தின் மேல் உட்கார வந்த ஓர் ஈயைக் கண்ணாடிக்காரர் விரட்டினார். பிறகு எழுந்து உள்ளே போனார். சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். உடைந்த சக்கரத்தை ஒரு துணியில் சுற்றிக் கையில் எடுத்தார்.

"கிளம்பும்மா. உங்கண்ணன் வீட்டுக்குப் போகணும்."

"கியர் கேட்கவா?"

"கியர் கிடக்குது" என்றார். "முதல்ல மனுஷனைப் பார்க்கணும்."

கதவைத் திறந்த அண்ணி, இரண்டு அடி பின்னால் போனாள். பிறகு உள்ளே திரும்பி, "என்னங்க, கொஞ்சம் உக்காந்துக்குங்க. ஒரு விஷயம் சொல்றேன், பதறக் கூடாது. மாப்பிள்ளை வந்திருக்கார்" என்றாள்.

"எந்த மாப்பிள்ளை?"

"நமக்கு இருக்கிறதே ஒருத்தர்தான்!"

அண்ணன் வெளியே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கால் செருப்பு மட்டும் மாட்டியிருந்தார். இரண்டு ஆண்களும் எதிரெதிரே நின்றார்கள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் கண்ணாடிக்காரருக்கு வரவில்லை. துணி மூட்டையை நீட்டினார்.

"மச்சான்... உங்க இன்ஜின்... பல்லு போச்சு."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. மூட்டையைப் பிரித்துச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை?"

"பதினொண்ணு."

"இருபத்துமூணு வருஷம் தாங்கியிருக்கே. நல்லாத்தான் வச்சு ஓட்டியிருக்கீங்க, மாப்பிள்ளை" என்றார் அண்ணன்.

கண்ணாடிக்காரர் அதற்குமேல் தாங்கவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதார். "என் பொண்ணு நடக்கறா மச்சான். காடு மேடெல்லாம் நடந்து அளக்கறா. நான்தான் நடக்க வச்சேன்னு நெனச்சுட்டிருந்தேன்."

"நீங்கதான் ஓட்டிட்டுப் போனீங்க. நான் என்ன, உள்ளே உக்காந்து தள்ளினேனா? பாப்பா, உன் வீட்டுக்காரரை உள்ளே கூட்டிட்டு வா. தெருவே பார்க்குது."

ஐம்பது வயதான தங்கை இன்னும் அவருக்குப் பாப்பாதான்.

பின்கட்டில் எப்போதும் பூட்டிக் கிடக்கும் கொட்டகையை அண்ணன் திறந்தார். பழைய சாமான் என்று தையல்காரம்மா நினைத்திருந்த இடத்தில், தார்ப்பாய்க்கு அடியில் அந்தக் கார் நின்றது. பானெட்டைத் தூக்கினால் உள்ளே வெறும் தரை தெரிந்தது.

"உடம்பை விக்க மனசு வரல" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் அலமாரியின் மேல்தட்டைத் துழாவினார். அச்சகக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம் வந்தது. "என் வண்டிக்குன்னு அப்பவே வாங்கிப் போட்ட கியர். ஃபைபர் பல்லு ஒரு நாள் போகும்னு தெரியும். இன்ஜினோட சேர்த்துக் கொடுக்க மறந்துட்டேன். அப்புறம் எந்த முகத்தோட வந்து கொடுக்கிறது?"

தையல்காரம்மா யாரையும் நம்பவில்லை. சாக்பீஸ் கோடு போட்டாள். ஐம்பது. தோளிலிருந்த நூலைப் பல்லின் மேல் படிய வைத்து, பழையதோடு ஒப்பிட்டாள். வலப்பக்கச் சாய்வு. மூன்று துளைகளையும் பழையதன் மேல் வைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் பைக்குள்ளிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, விளிம்பில் இருந்த சின்னப் புள்ளியைத் தேடிப் பிடித்தார். சின்னச் சக்கரத்தின் புள்ளியும் இந்தப் புள்ளியும் நேருக்கு நேர் வர வேண்டும். அதுதான் மாட்டும் அடையாளம்.

"இதேதான் மச்சான்" என்று நிமிர்ந்தவர், அண்ணனின் மூக்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அவர் போட்டிருந்த கண்ணாடியின் ஒரு காதுப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. மூட்டில் கம்பி சுற்றியிருந்தது. "எந்த மடையன் செஞ்ச சட்டம் இது?"

"நீங்கதான். சண்டை போட்டமே, அது. கண்ணாடியை மட்டும் வேற இடத்துல மாத்திக்கிட்டேன். சட்டம் நல்ல சட்டம்."

கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். அதைக் கழற்றி வாங்கினார். சட்டைப் பையிலிருந்து குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கம்பியை நீக்கி, மூட்டை முடுக்கி, சட்டை நுனியால் துடைத்து, தன் கையாலேயே மச்சானுக்கு மாட்டிவிட்டார். அவர் சொல்ல வந்த நன்றி அதோடு முடிந்தது. அண்ணன் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டி, "இப்ப தெளிவாத் தெரியுது" என்றார்.

செவ்வாயும் புதனும் போல்ட்டு எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி மூன்று தடவை கழுவினார். துணிப் பொடி ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. வியாழன் மத்தியானம் புள்ளிக்குப் புள்ளி நேர் வைத்துச் சக்கரத்தை மாட்டினார். அண்ணன் டார்ச் பிடித்தார். கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடி பிடித்தார். "ரெண்டு பேரும் இப்படி என் தலைமேல மூச்சு விட்டா நான் எப்படி வேலை பார்க்கிறது? அக்கா, இவங்களைக் கூட்டிட்டுப் போய் எதையாவது தைக்கக் கொடுங்க" என்று போல்ட்டு கத்தினார். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. இருபத்துமூன்று வருட ரகசியத்தை இறக்கி வைத்தவர் அல்லவா?

சாவியைத் திருகியதும் இன்ஜின் ஒரு தடவை இருமியது. அப்புறம் எடுத்துக்கொண்டது. மெஷினில் நல்ல நூல் ஓடுவது போலச் சீரான சத்தம். கண்ணாடிக்காரர் வண்டியைக் கும்பிடவில்லை. போல்ட்டின் எண்ணெய்க் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். புருவமெல்லாம் கரி.

வெள்ளிக்கிழமை நாலு பேரும் அதே வண்டியில் வாகன அலுவலகத்துக்குப் போனார்கள். ஆய்வாளர் ஓர் இளம் பெண். விளக்கு, பிரேக், புகை எல்லாம் பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் புரட்டினாள். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் விரல் நின்றது.

"இன்ஜின் ஒரிஜினல் இல்லையே, சார்?"

தையல்காரம்மா கணவரின் முழங்கையைப் பிடித்தாள்.

"இல்லம்மா" என்றார் கண்ணாடிக்காரர், நெஞ்சை நிமிர்த்தி. "எங்க மச்சானோடது. இதோ நிக்கறார் பாருங்க. இந்த வண்டியில இருக்கிறதுலேயே உசத்தியான பாகம் அதுதான்."

அவள் இன்ஜினில் வெட்டியிருந்த எண்ணைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தாள். "முறைப்படி பதிவாகியிருக்கு. போதும்" என்று முத்திரையைக் குத்தினாள். இன்னும் ஐந்து வருடத்துக்கு யாரும் அந்த வண்டியைத் தொட முடியாது.

வாசலுக்கு வந்ததும் தையல்காரம்மா மகளுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். மறுமுனையில் "மாமாகிட்ட குடும்மா" என்று மட்டும் கேட்டது. அண்ணன் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். "ம்... ம்..." என்று தலையை மட்டும் ஆட்டினார். திரும்பி வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

போல்ட்டைப் பட்டறையில் இறக்கிவிட்டார்கள். அண்ணன் முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் கியரைப் போட்டுக்கொண்டே, "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மச்சான். இத்தனை வருஷம் உங்க இன்ஜினைப் போட்டுக்கிட்டு, உங்களை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காம இருந்துட்டேனே" என்றார்.

அண்ணன் கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு மாப்பிள்ளையின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்பிள்ளை, உங்க வீடு, கடை ரெண்டும் ஊருக்குக் கிழக்கே, என் வீடு மேற்கே, இருபத்துமூணு வருஷமா தினமும் காலைல என் வாசல் வழியா மெதுவா எந்தக் கடைக்குப் போயிட்டிருந்தீங்க?"